ஏணி வழுக்காமல் நிற்பது எப்படி?

சமையலறை, படுக்கை, குளியலறை எல்லாம் உள்ளேயே அமைந்த வண்டியில் ஏறிக்கொண்டு வாரக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்றி வருவது அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, ஐரோப்பிய நாடுகள் ஆகியவற்றில் பரவலான வழக்கம். அவ்வண்டியை அங்கே 'மோட்டார் ஹோம்' என்பார்கள். நாம் 'மோட்டார் வீடு' என்று சொல்லலாம். நம் ஊரில் சினிமாப் படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் நிற்கும் 'கேரவன்' வண்டியை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். ஏறக்குறைய அதே அமைப்புத்தான்.

வீடு என்றால் கூரை உண்டு; கூரை என்றால் ஒழுகலும் உண்டு. மோட்டார் வீட்டின் கூரைமேல் சூரிய மின்பலகைகள், காற்றுப் போக்கிகள், ஏ.சி. பெட்டி முதலியவை பொருத்தப்பட்டிருக்கும். அவற்றைச் சுற்றிப் பூசிய அடைப்புப் பசை வெயிலில் காய்ந்து வெடித்தால் மழைநீர் உள்ளே இறங்கும். மின்பலகையில் தூசி படிந்தால் மின்சாரம் குறையும். ஆகவே வண்டிக்காரர் அவ்வப்போது கூரைக்கு ஏறியாக வேண்டும். அதற்காகக் கையோடு எடுத்துச் செல்லக்கூடிய ஓர் ஏணியையும் வண்டியிலேயே வைத்திருப்பார்.

கடையில் பலவகை ஏணிகள் கிடைக்கின்றன. எதை வாங்குவது? விலையையும் கனத்தையும் மட்டும் பார்த்து வாங்குவோர் உண்டு. இயற்பியல் படிக்கும் நாம் வேறு சில கேள்விகளையும் கேட்க வேண்டும். ஏணி எப்போது வழுக்கும்? எப்போது கவிழும்? எப்போது வளையும்? இம்மூன்றுக்கும் விடை தெரிந்தால் ஏணியைத் தேர்ந்தெடுப்பது எளிது. நம் வீட்டு மொட்டைமாடிக்குச் சாத்தும் மூங்கில் ஏணிக்கும் இதே விடைகள்தாம் பொருந்தும்.

இது வெறும் பாடப் பயிற்சி அன்று. 3.3 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஒருவர் 0.8 விநாடியில் தரையைத் தொடுவார். அப்போது அவருடைய வேகம் விநாடிக்கு 8 மீட்டர், அதாவது மணிக்கு 29 கிலோமீட்டர். ஒரு சைக்கிளை முழு வேகத்தில் மிதித்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதுவது போன்றது இது. உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ஆம் ஆண்டு வெளியிட்ட குறிப்பில் கூறியது. எல்லாரும் ஏணியிலிருந்து விழுந்தவர்கள் அல்லர். ஆயினும் விழுதல் எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை இந்த எண் உணர்த்துகிறது.

எவ்வளவு நீளம் வேண்டும்?

முதலில் கூரையின் உயரத்தை அளக்க வேண்டும். வேனை மாற்றியமைத்துச் செய்த சிறிய மோட்டார் வீடு 3 மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரம் உடையது. நடுத்தர வண்டிகள் 3 முதல் 3.4 மீட்டர் வரை இருக்கும். பேருந்து போன்ற பெரிய வண்டிகள் 4 மீட்டரைத் தொட்டுவிடும். நாம் 3.3 மீட்டர் உயரமுள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம்.

ஏணியை நேர் நிமிர்வாக நிறுத்த முடியாது. சாய்த்துத்தான் வைக்க வேண்டும். எவ்வளவு சாய்க்கலாம் என்பதற்குத் தொழிற்பாதுகாப்பு விதிகளில் ஓர் எளிய அளவு உண்டு. ஏணியின் அடியிலிருந்து அது சாய்ந்திருக்கும் இடம் வரை உள்ள நீளத்தில் நான்கில் ஒரு பங்கு தூரம் அடிப்பகுதி தள்ளி நிற்க வேண்டும். இதை 'நான்குக்கு ஒன்று' விதி எனலாம். இவ்வாறு வைத்தால் ஏணி தரையோடு ஏறத்தாழ 75 பாகைக் கோணம் ஆக்கும்.

நம் வண்டிக்கு 3.4 மீட்டர் நீளம் கூரையின் விளிம்பு வரை வேண்டும், அடிப்பகுதி 0.85 மீட்டர் தள்ளி நிற்கும். பித்தகோரஸ் தேற்றத்தைக் கொண்டு சரிபார்த்துக்கொள்ளுங்கள்: 3.4-இன் வர்க்கத்திலிருந்து 0.85-இன் வர்க்கத்தைக் கழித்து, வர்க்கமூலம் கண்டால் 3.29 வரும். இதுவே நம் கூரை உயரம்.

அப்படியானால் 3.4 மீட்டர் ஏணி போதுமா? போதாது. ஏணியிலிருந்து கூரைக்குக் காலை எடுத்து வைக்கும்போது கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். அதனால் ஏணியின் பக்கச் சட்டங்கள் கூரைக்கு மேலே 3 அடி, அதாவது சுமார் 90 சென்டிமீட்டர், நீண்டிருக்க வேண்டும் என்று அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. ஆக மொத்தம் ஏறத்தாழ 4.3 மீட்டர் நீளமுள்ள ஏணி தேவை. கூரை உயரத்துக்குச் சமமான ஏணியை வாங்கி வந்து, பிறகு திண்டாடுவது இந்தக் கணக்கைப் போடாததால்தான்.

மேலே நீண்டிருக்கும் அந்த 90 சென்டிமீட்டர் கைப்பிடிக்கு மட்டுமே. அதிலுள்ள படியில் கால் வைத்து ஏறக் கூடாது. ஏன்? கூரை விளிம்பு ஒரு நெம்புகோலின் ஆதாரப்புள்ளி போன்றது. விளிம்புக்கு அப்பால் எடை ஏறினால் மறுமுனையாகிய ஏணியின் அடி தரையைவிட்டுத் தூக்கிக்கொள்ளும். ஏற்றப் பலகையில் ஒருபுறம் கனத்தால் மறுபுறம் எழுவதில்லையா, அதுபோலத்தான்.

ஏணியின்மேல் செயல்படும் விசைகள்

சாய்ந்து நிற்கும் ஏணியின்மேல் என்னென்ன விசைகள் செயல்படுகின்றன என்று பார்ப்போம். ஏணியின் எடையும் ஏறுபவரின் எடையும் கீழ்நோக்கிச் செயல்படுகின்றன. தரை ஏணியை மேல்நோக்கித் தாங்குகிறது. கூரையின் விளிம்பு ஏணியைக் கிடைத்திசையில் வெளிப்புறமாகத் தள்ளுகிறது. இந்தத் தள்ளலினால் ஏணியின் அடி வெளியே சறுக்கப் பார்க்கும். அதைத் தடுப்பது தரைக்கும் ஏணியின் காலுக்கும் இடையே உள்ள உராய்வு ஒன்றுதான். வண்டியின் பக்கம் வழவழப்பானது. ஆகையால் அங்கே உராய்வு இல்லை என்றே கொள்வோம்.

ஏணியின் எடை 12 கிலோகிராம், ஏறுபவர் 60 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். விசையைக் கி.கி. எடை என்னும் அலகிலேயே அளப்போம். நியூட்டனில் வேண்டுமானால் 9.8 ஆல் பெருக்கிக்கொள்ளலாம். கூரைக்கு மேல் நீளும் பகுதியைக் கணக்கில் சேர்க்காமல் விடுவோம். அதனால் விடை மிகச் சிறிதே மாறும்.

ஏணி சுழலாமல் நிற்க வேண்டுமானால் அதன் அடியைப் பொறுத்த திருப்புத்திறன்கள் ஒன்றையொன்று சமன்செய்ய வேண்டும். எடைகள் ஏணியை ஒருபுறம் சுழற்றும். விளிம்பின் தள்ளல் மறுபுறம் சுழற்றும். எனவே,

விளிம்பின் தள்ளல் × கூரை உயரம் = (ஏணியின் எடை × அதன் கிடைத்தூரம்) + (ஆளின் எடை × அவருடைய கிடைத்தூரம்)

கிடைத்தூரம் என்பது ஏணியின் அடியிலிருந்து அந்த எடை செயல்படும் செங்குத்துக்கோடு வரை உள்ள தூரம். ஏணியின் எடை அதன் நடுவில் செயல்படுவதால் அதன் கிடைத்தூரம் 0.85-இல் பாதி, அதாவது 0.425 மீட்டர். விளிம்பின் தள்ளலும் தரையின் உராய்வும் சமமாக இருந்தால்தான் ஏணி நகராது. ஆகவே தள்ளலைக் கண்டுபிடித்தால் தேவையான உராய்வையும் கண்டுபிடித்ததாகும்.

ஆள் அடிப்படியில் நிற்கும்போது அவருடைய கிடைத்தூரம் சுழி. திருப்புத்திறன் 12 × 0.425 = 5.1. இதை உயரமாகிய 3.3 ஆல் வகுத்தால் தேவையான உராய்வு 1.5 கி.கி. எடை.

அவர் பாதி ஏறியதும் கிடைத்தூரம் 0.425. திருப்புத்திறன் 5.1 + 25.5 = 30.6. தேவையான உராய்வு 9.3 கி.கி. எடை.

அவர் உச்சியை அடைந்ததும் கிடைத்தூரம் 0.85. திருப்புத்திறன் 5.1 + 51 = 56.1. தேவையான உராய்வு 17 கி.கி. எடை.

இந்த மூன்று விடைகளையும் சற்று நின்று பாருங்கள். ஆள் மாறவில்லை, ஏணி மாறவில்லை, தரையும் மாறவில்லை. தரையை அழுத்தும் மொத்த எடை மூன்று நிலைகளிலும் 72 கி.கி. எடைதான். ஆனால் ஏணி தரையிடம் கேட்கும் உராய்வோ 1.5-இலிருந்து 17-க்கு, பதினொரு மடங்காக ஏறிவிட்டது!

பலரும் செய்யும் ஒரு சோதனை உண்டு. ஏணியைச் சாத்திவிட்டு முதற்படியில் ஏறி இரண்டு முறை குதித்துப் பார்ப்பார்கள். "அசையவில்லை, நல்ல உறுதி" என்று மேலே போவார்கள். மண்ணில் கால் பதிந்திருக்கிறதா என்று பார்க்க அச்சோதனை உதவலாம். வழுக்குமா என்று அறிய அது உதவாது. முதற்படியில் ஏணி கேட்பது மிகக் குறைந்த உராய்வு. உச்சிப்படியில் கேட்பதே மிக அதிகம். அடியில் நின்ற ஏணி உச்சியிலும் நிற்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஏணிகள் ஆள் மேலே போன பிறகு வழுக்குவது இதனால்தான்.

சாய்வின் பங்கு

தரை எவ்வளவு உராய்வைத் தரமுடியும்? உராய்வு, அழுத்தும் விசைக்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்று பிரெஞ்சு அறிஞர் அமாந்தோன் 1699-ஆம் ஆண்டில் எடுத்துக் கூறினார். அந்த விகிதத்தைத்தான் உராய்வுக் குணகம் என்கிறோம். நம் கணக்கில் உச்சியில் தேவைப்படும் குணகம் 17-ஐ 72 ஆல் வகுக்கக் கிடைக்கும் 0.24. காய்ந்த சிமெண்டுத் தரையில் ரப்பருக்குக் குணகம் 0.6-க்குக் குறையாது. எனவே ஏணி பத்திரமாக நிற்கும்.

இப்போது அதே கூரைக்கு ஏணியை 60 பாகையில் சாய்த்து வைப்போம். அடிப்பகுதி 1.9 மீட்டர் தள்ளிப் போய்விடும். கணக்கை மறுபடியும் போட்டால் கிடைப்பது இது:

75 பாகைச் சாய்வில் தேவையான குணகம்: அடியில் 0.02; நடுவில் 0.13, உச்சியில் 0.24.

60 பாகைச் சாய்வில் தேவையான குணகம்: அடியில் 0.05; நடுவில் 0.29; உச்சியில் 0.53.

காய்ந்த சிமெண்டில் 0.53-ம் கிடைத்துவிடலாம். ஆனால் மோட்டார் வீடு எப்போதும் சிமெண்டுத் தரையில் நிற்பதில்லை. ஈரப் புல்லிலும், மணலிலும், சரளைக் கல்லிலும், சேற்றிலும் நிற்கும். அங்கெல்லாம் உராய்வு வெகுவாகக் குறைந்துவிடும். நான்குக்கு ஒன்று என்ற சாய்வு நமக்குத் தருவது இந்த இடைவெளியைத்தான். தரை பாதி மோசமானாலும் ஏணி நிற்க ஓர் இருப்பு கையில் இருக்கும்.

இன்னொரு செய்தியும் இக்கணக்கில் ஒளிந்திருக்கிறது. ஏறுபவர் 60 கிலோகிராமுக்குப் பதில் 100 கிலோகிராம் ஆனால் என்ன ஆகும்? தேவையான உராய்வு கூடும். ஆனால் தரையை அழுத்தும் விசையும் கூடுவதால் தரை தரக்கூடிய உராய்வும் கூடும். குணகம் 0.24-இலிருந்து 0.24-க்குச் சற்று மேலே போகும், அவ்வளவுதான். எவ்வளவு கனமான ஆள் ஏறினாலும் இச்சாய்வில் அது 0.26-ஐத் தாண்டாது. ஆகவே ஏணி வழுக்குவதும் வழுக்காததும் ஆளின் கனத்தைப் பொறுத்ததன்று. சாய்வையும் தரையையும் பொறுத்தது. 'நான் ஒல்லியானவன், எனக்கு ஒன்றும் ஆகாது' என்று எண்ணுவது தவறு.

அப்படியானால் ஏணியை இன்னும் நிமிர்த்தி வைத்தால் இன்னும் நல்லதல்லவா? வழுக்காது என்பது உண்மை. ஆனால் வேறோர் ஆபத்து வந்து சேரும். 75 பாகைச் சாய்வில் நம் இடுப்பு மட்டத்தில் ஏணி நமக்குச் சுமார் கால் மீட்டர் முன்னால் இருக்கும். அதனால் உடலை நேராக நிறுத்தியபடி ஏற இடம் கிடைக்கிறது. நம் ஈர்ப்பு மையம் பாதத்துக்கு நேர் மேலே அமைகிறது. 85 பாகையில் அந்த இடைவெளி 9 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். உடல் பின்னுக்குத் தள்ளப்படும். ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் குத்துக்கோடு ஏணியின் அடிக்குப் பின்னால் விழுந்தால், ஏணி ஆளோடு மல்லாந்து சாயும். ஆகவே 75 பாகை என்பது வழுக்குதலுக்கும் கவிழ்தலுக்கும் இடையே உள்ள நடுவழி.

கோணமானி இல்லாமல் இச்சாய்வை அறிய ஓர் எளிய முறை உண்டு. கால் விரல்களை ஏணியின் அடியில் ஒட்டி வைத்து நிமிர்ந்து நில்லுங்கள். கைகளைத் தோள் மட்டத்தில் நேராக நீட்டுங்கள். உள்ளங்கைகள் எதிரே உள்ள படியைச் சரியாகத் தொட்டால் சாய்வு சரி. எட்டாவிட்டால் ஏணி மிகவும் படுத்திருக்கிறது. கையை மடக்க வேண்டியிருந்தால் மிகவும் நிமிர்ந்திருக்கிறது.

ஆடும் சுவர்

பாடப்புத்தகத்து ஏணி அசையாத சுவரில் சாய்ந்திருக்கும். மோட்டார் வீடோ வில்களின்மேலும் காற்றடைத்த டயர்களின்மேலும் நிற்கிறது. ஏணியிலிருந்து ஒருவர் கூரைக்கு மாறும்போது 60 கிலோகிராம் எடை திடீரென்று வண்டியின் ஒரு பக்கத்தில் ஏறுகிறது. வில்லும் டயரும் அமுங்கி, கூரை விளிம்பு சற்றுத் தாழ்கிறது. அதில் சாய்ந்திருக்கும் ஏணியின் தலை அப்போது நழுவக்கூடும். இறங்கும்போது இது மறுதலையாக நடக்கும்.

எனவே ஏறுவதற்கு முன் வண்டியை அசையாத சுவராக மாற்ற வேண்டும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியின் ஜாக்கிகளை இறக்கித் தரையில் ஊன்ற வேண்டும். ஏணியின் தலையைக் கூரையில் உள்ள கம்பியோடு வாரினால் கட்டுவது இன்னும் நல்லது. கூரைக்குக் காலை வீசும்போது நம் மறுகால் ஏணியை எதிர்த்திசையில் உதைக்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இங்கும் தவறாமல் வேலை செய்யும். அந்த உதையைத் தாங்குவது அக்கட்டுதான்.

உச்சியில் விளிம்பின்மேல் விழும் தள்ளல் 17 கி.கி. எடை என்று கண்டோம். மோட்டார் வீட்டின் பக்கச் சுவர் பல வண்டிகளில் மெல்லிய தகடாகவோ கண்ணாடியிழைப் பிளாஸ்டிக்காகவோ இருக்கும். ஏணியின் கூரிய முனைகள் இரண்டு சிறு புள்ளிகளில் அழுத்தினால் சுவரில் குழி விழும். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது அல்லவா? முனைகளில் அகலமான ரப்பர் உறை மாட்டினால் பரப்பு கூடும், அழுத்தம் குறையும், நழுவுவதும் குறையும்.

சில வண்டிகளின் பின்புறத்தில் நிலையான ஏணி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். வண்டியோடு சேர்ந்து ஆடுவதால் அது நழுவாது, அடி சறுக்காது. ஆனால் அது செங்குத்தானது. ஏறுபவரின் ஈர்ப்பு மையம் ஏணியைவிட்டுச் சுமார் 25 சென்டிமீட்டர் வெளியே இருக்கும். கைக்கும் காலுக்கும் இடையே 1.4 மீட்டர் என்று கொண்டால் கைகள் இழுக்க வேண்டிய விசை 60 × 0.25 ÷ 1.4, அதாவது ஏறக்குறைய 11 கி.கி. எடை. படிக்குப் படி இந்த இழுப்பைக் கைகள் தாங்க வேண்டும். சுவரில் ஏணியைப் பிடித்திருக்கும் திருகாணிகளும் தாங்க வேண்டும். ஒரு கையில் வாளியைத் தூக்கிக்கொண்டு இதில் ஏறுவது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை.

பக்கவாட்டில் சாயாமல் இருக்க

ஏணியின் இரு சட்டங்களுக்கும் இடையே உள்ள அகலம் சுமார் 40 சென்டிமீட்டர். தரை மேடுபள்ளமாக இருந்து, ஒரு கால் மற்றதைவிட 4 சென்டிமீட்டர் தாழ்ந்திருப்பதாகக் கொள்ளுங்கள். 40-க்கு 4 என்றால் பத்துக்கு ஒன்று. அப்படியானால் 3.3 மீட்டர் உயரத்தில் ஏணியின் தலை 33 சென்டிமீட்டர் பக்கவாட்டில் விலகிவிடும். ஏணியின் அகலத்தில் பாதி 20 சென்டிமீட்டர்தான். உச்சியில் நிற்பவரின் எடைக்கோடு ஏணியின் கால்களுக்கு வெளியே விழும். கீழே வெறும் 4 சென்டிமீட்டர் என்று அலட்சியப்படுத்தியது மேலே எட்டு மடங்காகிவிடுகிறது. தாழ்ந்த காலுக்கு அடியில் செங்கல்லையோ சிறு கல்லையோ செருகுவதும் சரியன்று, அது உருண்டுவிடும். மண்ணைச் செதுக்கிச் சமப்படுத்த வேண்டும். அல்லது கால் நீளத்தைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கக்கூடிய ஏணியை வாங்க வேண்டும்.

ஏறியபின் எட்டி எட்டி வேலை செய்வதும் இதே தவறுதான். இடுப்பு வாரின் கொக்கி எப்போதும் இரு சட்டங்களுக்கு நடுவிலேயே இருக்க வேண்டும் என்று ஒரு பழக்கம் வைத்துக்கொண்டால் ஈர்ப்பு மையமும் நடுவிலேயே இருக்கும். இரண்டு கால், இரண்டு கை என்னும் நான்கில் மூன்று எந்த நேரமும் ஏணியைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

எந்தப் பொருளால் ஆனது?

அலுமினியம் எஃகைப்போல மூன்றில் ஒரு பங்கு அடர்த்தியே உடையது. துருப்பிடிப்பதும் இல்லை. பயணத்துக்கு எடுத்துச் செல்லும் ஏணிகளில் பெரும்பாலானவை அலுமினியத்தால் ஆனவையாக இருப்பதற்கு இதுவே காரணம். ஆனால் அலுமினியம் சிறந்த மின்கடத்தி. 4.3 மீட்டர் ஏணியை நிமிர்த்தும்போது தலைக்குமேல் மின்கம்பி போகிறதா என்று பார்க்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. சாதாரண மின் வழங்கு கம்பிகளிலிருந்து ஆளும் ஏணியும் 10 அடி, அதாவது 3 மீட்டர், விலகியிருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. ஏணி சாயும்போது அது எட்டக்கூடிய தூரத்தையும் சேர்த்துத்தான் இந்த 3 மீட்டரைப் பார்க்க வேண்டும்.

கண்ணாடியிழைப் பிளாஸ்டிக் ஏணி மின்சாரத்தைக் கடத்தாது. மின்பணியாளர்கள் இதையே பயன்படுத்துகிறார்கள். ஆனால் இது அலுமினியத்தைவிட எளிதில் வளையும்; ஆகவே சட்டங்களைத் தடிமனாகச் செய்கிறார்கள்; ஏணி கனத்துவிடுகிறது. அழுக்கும் ஈரமும் படிந்தால் இதன் மேற்பரப்பிலும் மின்சாரம் பாயக்கூடும். மரமும் காய்ந்திருக்கும்வரைதான் மின்சாரத்தைத் தடுக்கும், நனைந்தால் கடத்தும். மர ஏணிக்கு வண்ணம் பூசக்கூடாது என்று ஒரு விதியும் உண்டு. வண்ணம் விரிசலை மறைத்துவிடும் என்பதே காரணம்.

சுருங்கும் ஏணியும் மடங்கும் ஏணியும்

4.3 மீட்டர் ஏணியை வண்டிக்குள் வைப்பது எப்படி? இதற்காகவே இருவகை ஏணிகள் வந்துள்ளன.

ஒன்று, தொலைநோக்கியின் குழாய்களைப்போல ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் டெலஸ்கோப் ஏணி. சுருக்கினால் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு படிக்கும் கீழே வில் பொருத்திய முளைகள் துளைக்குள் விழுந்து குழாயைப் பூட்டுகின்றன. ஒரு முளை சரியாக விழாவிட்டாலும் ஆள் ஏறும்போது அந்தக் குழாய் சட்டென்று உள்ளே இறங்கும். எனவே விரித்ததும் கீழிருந்து மேலாக ஒவ்வொரு பூட்டையும் பார்க்க வேண்டும். மணலும் சேறும் புகுந்தால் முளை சிக்கிக்கொள்ளும்; குழாய்களைத் துடைத்து வைக்க வேண்டும். சுருக்கும்போது படிகளுக்கிடையே விரலை வைக்கக் கூடாது.

மற்றொன்று, பெரிய கீல்கள் உள்ள மடக்கு ஏணி. இதை நேராகச் சாத்தவும் செய்யலாம். கூடாரம்போல இருபுறமும் விரித்து நிறுத்தவும் செய்யலாம். மடக்கினாலும் ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும், கனமும் கூடுதல். ஆனால் விறைப்பானது. கூடாரம்போல நிறுத்திய ஏணி பக்கச் சன்னலைத் துடைக்க ஏற்றது. கூரைக்கு மாறி ஏற ஏற்றதன்று. அது எதிலும் சாய்ந்திருக்கவில்லை; கூரைக்குத் தாவும் கால் உதைத்ததும் அது எதிர்ப்புறம் கவிழ்ந்துவிடும்.

ஏணி வளைவதைப் பற்றியும் ஒரு சொல். 60 கி.கி. எடை முழுவதும் ஏணியை வளைப்பதில்லை. நீளத்துக்குக் குறுக்கான கூறு மட்டுமே வளைக்கிறது. நான்குக்கு ஒன்று சாய்வில் அக்கூறு 15 கி.கி. எடை, 60 பாகையில் அது 30 ஆகிவிடும். மேலும், ஒரே விசைக்கு ஏணி வளையும் அளவு அதன் நீளத்தின் முப்படிக்கு நேர் விகிதத்தில் இருக்கும். நீளம் இரு மடங்கானால் வளைவு எட்டு மடங்காகும். குட்டை ஏணியில் தெரியாத ஊசலாட்டம் நீண்ட ஏணியில் தெரிவது இதனால்தான். தேவைக்கு மேல் நீளமான ஏணியும் நல்லதன்று.

கடைசியாகப் பார்க்க வேண்டியது ஏணியில் ஒட்டியுள்ள சுமைச் சீட்டு. அமெரிக்காவில் ஏணிகள் 200, 225, 250, 300, 375 இராத்தல் என ஐந்து தரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஏறக்குறைய 91, 102, 113, 136, 170 கிலோகிராம். ஐரோப்பியத் தர அளவின்படி 150 கிலோகிராம். இந்த அளவில் ஆளின் எடை மட்டுமன்று. உடை, காலணி, கருவி, கையில் உள்ள வாளித் தண்ணீர் எல்லாம் அடங்கும். வழுக்குவதைச் சாய்வு தீர்மானிக்கிறது. முறிவதைச் சுமை தீர்மானிக்கிறது. இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

ஆக, 3.3 மீட்டர் கூரைக்கு எந்த ஏணி? விரித்தால் 4.3 மீட்டர் நீளம், அகன்ற ரப்பர் பாதம், தலையில் ரப்பர் உறை, ஆளும் பொருளும் சேர்ந்த எடைக்கு மேல் சுமைத் தரம். வண்டியில் இடம் குறைவானால் டெலஸ்கோப் ஏணி. இடமும் தூக்க ஆளும் இருந்தால் விறைப்பான மடக்கு ஏணி. மின்வேலையும் செய்வதானால் கண்ணாடியிழை ஏணி. எதை வாங்கினாலும், முதற்படியில் நிற்கும் ஆளை மனத்தில் வைத்து அதை நிறுத்தாதீர்கள். உச்சிப்படியில் நிற்கும் ஆளை மனத்தில் வைத்து நிறுத்துங்கள்.

செய்து பாருங்கள்

தேவையானவை: மரத்தாலான 30 சென்டிமீட்டர் அளவுகோல், காகிதங்களைச் சேர்த்துப் பிடிக்கும் பெரிய கிளிப்பு ஒன்று, பழைய சைக்கிள் டியூபின் சிறு துண்டு.

1. வழவழப்பான தரையில் அளவுகோலை ஓர் அலமாரியின் பக்கத்தில் சாத்துங்கள். அடியை மெல்ல மெல்ல வெளியே நகர்த்தி, எந்தத் தூரத்தில் சறுக்குகிறது என்று குறியுங்கள்.

2. அதைவிட ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி நிறுத்துங்கள். கிளிப்பை அடியில் மாட்டுங்கள். அளவுகோல் நிற்கும். இப்போது கிளிப்பைக் கழற்றிச் சற்று மேலே மாட்டுங்கள். இவ்வாறு படிப்படியாக உயர்த்துங்கள். எந்த உயரத்தில் சறுக்குகிறது?

3. கிளிப்பு அடியிலேயே இருக்கும்போது அளவுகோலை எவ்வளவு தூரம் வெளியே நகர்த்த முடிகிறது? கிளிப்பு இல்லாதபோது கண்ட தூரத்தோடு ஒப்பிடுங்கள்.

4. அடியில் ரப்பர் துண்டை வைத்து எல்லாவற்றையும் மறுபடி செய்யுங்கள். பிறகு தரையில் சிறிது மாவைத் தூவிச் செய்யுங்கள்.

விடை காணுங்கள்

1. 2.9 மீட்டர் உயரமுள்ள மோட்டார் வீட்டுக்கு எவ்வளவு நீளமான ஏணி வேண்டும்? அடியை எவ்வளவு தூரம் தள்ளி வைக்க வேண்டும்?

2. நம் கணக்கில் உள்ள ஏணியின் உச்சியில் 60 கிலோகிராம் ஆள் நிற்கும்போது, 50 கிலோகிராம் எடையுள்ள நண்பர் ஒருவர் ஏணியின் அடியை மிதித்து நிற்பதாகக் கொள்வோம். அவருடைய எடை முழுவதும் அடியிலேயே விழுகிறது. தேவையான குணகம் எவ்வளவு? கீழே ஒருவர் மிதித்துக்கொள்வது ஏன் உதவுகிறது?

3. ஏறுபவர் 20 கிலோகிராம் மூட்டை ஒன்றைத் தோளில் சுமந்தால் தேவையான குணகம் எவ்வளவு கூடும்? அப்போது வேறு எதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்?

விடைகள்: (1) சுமார் 3.9 மீட்டர்; 75 சென்டிமீட்டர். (2) 17-ஐ 122 ஆல் வகுக்க 0.14. அடியில் விழும் எடை திருப்புத்திறனைக் கூட்டாமல் தரையின் அழுத்தத்தை மட்டும் கூட்டுகிறது. (3) 0.236-இலிருந்து 0.241 ஆகும், ஏறக்குறைய மாற்றமில்லை. ஆனால் சுமைத் தரத்தையும், மூட்டையால் ஈர்ப்பு மையம் பின்னுக்கோ பக்கவாட்டுக்கோ நகர்வதையும் கவனிக்க வேண்டும்.